முனி எடுத்த கோழி

மானேஜர் மாணிக்கவேலுக்குப் பேசும்போது மேசைமேல் இருக்கும் பீங்கான் கிண்ணத்தை விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனிச் சூளையில் முதன்முதலாக வெந்து வந்த கிண்ணமாம் அது. டெல்லியிலிருந்து வந்தவருக்கும் சொல்வார், டீ கொண்டுவந்து வைக்கிறவனுக்கும் சொல்வார்.

"காத்தாடி காத்தாடின்னு உயிரை வாங்காதீங்க, மிஸ்டர் செல்வநாதன். இது களிமண் சுரங்கம். நீங்க ஆந்திராவுல நிலக்கரிச் சுரங்கத்துல பாத்த பூதத்தையெல்லாம் இங்க கொண்டாந்து இறக்காதீங்க."

செல்வநாதன் நின்றுகொண்டிருந்தார். அந்த அறையில் அவருக்கு நாற்காலி போடும் வழக்கம் இல்லை. "சார், கெழக்குப் பொந்துல காத்து இல்ல. இன்னைக்கிக் காலையில விளக்க முழங்காலுக்குத் தாழ்த்தினேன். பொட்டுனு அணைஞ்சிபோச்சு. விளக்கே மூச்சு வுட முடியாத எடத்துல மனுசன் எப்படி சார் மூச்சு வுடுவான்? மேலேருந்து காத்த உள்ள தள்ளுற மாதிரி இஞ்சின் காத்தாடி ஒண்ணு வச்சாத்தான் அங்க ஆள எறக்க முடியும்."

"முழங்காலுக்குக் கீழதானே காத்து இல்ல? நின்னுகிட்டே வெட்டச் சொல்லுங்க. யாரு அவங்கள குனியச் சொன்னா?"

மண் வெட்டுகிறவனைக் குனியாமல் வெட்டச் சொல்கிற மனிதரைக் கம்பெனி மானேஜராக வைத்திருந்தது. சம்பளமும் கொடுத்தது, ஜீப்பும் கொடுத்தது. செல்வநாதனுக்குக் காது மடல் சூடேறியது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மடிப்புக் கலையாத பேண்டோடு இவரைக் கடப்பாரை பிடிக்க வைத்துப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு சரி.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வந்து புகைபோக்கிகள் வரிசையாக எழுந்த வருஷங்கள் அவை. ஊறுகாய் ஜாடி, கப்பு சாசரு, கொலு பொம்மை, கரண்டுக் கம்பத்தில் மாட்டும் பீங்கான் என்று சூளைகள் இரவும் பகலும் தின்றுகொண்டிருந்தன. அவற்றுக்குத் தீனி போட வெள்ளைக் களிமண் வேண்டும். கம்மாபுரம் பக்கத்தில் நல்ல களிமண் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஆழத்தில் கிடந்ததால், இந்தக் கம்பெனி சரிவாக ஒரு பாதை வெட்டி, அடியில் பக்கவாட்டில் குடைந்து மண் எடுத்தது. அப்படிக் குடைந்துபோன வழிகளைத்தான் ஆட்கள் பொந்து என்பார்கள்.

பூமிக்குள் ஆள் இறங்கி வேலை செய்தால் காஸ் சூப்ரவைசர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். செல்வநாதன் கோதாவரிக் கரைச் சுரங்கங்களில் பல வருஷம் கிடந்து, பரீட்சை எழுதி, அந்தச் சான்றிதழை வாங்கியவர். சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே வேலை என்றதும் மனைவி லீமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை என்னவோ எளியதாகத்தான் தெரியும். காலையில் ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் இவர் தனியாகப் பாதுகாப்பு விளக்கோடு இறங்குவார். கண்ணாடியும் கம்பிவலையும் மூடிய சின்ன விளக்கு அது. ஒவ்வொரு பொந்திலும் அதைத் தூக்கியும் தாழ்த்தியும் சுடரைப் பார்ப்பார். சுடர் நீலம் பூத்தால் தீப்பிடிக்கும் வாயு. சுடர் குன்றி அணைந்தால் மூச்சுக்கு உதவாத காற்று. இவர் சரி என்றால் ஆள் இறங்கலாம், வேண்டாம் என்றால் இறங்கக்கூடாது. சுரங்கம் தோண்ட அனுமதி வாங்கும்வரை கம்பெனிக்கு இவருடைய சான்றிதழ் வேண்டியிருந்தது. வாங்கிய பிறகு இவர் வாய் வேண்டாததாகிவிட்டது.

"இன்னொரு விஷயம்" என்றார் மானேஜர். கிண்ணத்தைத் தட்டுவது நின்றது. "நீங்க தடுக்கறதாலதான் ஆளுங்க போகலன்னு நெனச்சேன். மேஸ்திரிகிட்ட கேட்டா வேற கதை சொல்றான். கிழக்குப் பொந்துல முனி இருக்குதாம். வாசல்ல வேப்பிலையும் மஞ்சத்துணியும் கட்டியிருக்குதாம். யார் கட்டினது?"

செல்வநாதன் பார்வையைக் கிண்ணத்துக்குத் தாழ்த்தினார். கட்டியவர் அவர்தான்.

கோடை வெயிலில் கிழக்குப் பொந்து மட்டும் குளுகுளுவென்று இருக்கும். சரிந்து கீழே இறங்கும் பொந்து அது. கெட்ட காற்று கனமானது, தண்ணீர்போல் தாழ்ந்த இடம் தேடிப் போய்த் தங்கும். ஆட்களோ சோறு தின்றதும் அங்கேதான் துண்டை விரித்துக் கண் அசருவார்கள். செல்வநாதன் சிவப்பில் ஆங்கிலப் பலகை மாட்டினார். அதன் ஆணியில் தூக்குவாளிகள் தொங்கின. குறுக்கே கட்டை அடித்தார். அதைப் பிடுங்கித் தலைக்கு வைத்துக்கொண்டார்கள். "உள்ள போகாதே, போகாதே" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஏன் என்று கேட்டவனுக்கு, "சொன்னதச் செய்டா" என்பதுதான் பதில். ஆந்திராவில் அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரிடம் அப்படித்தான் பேசினார்கள். அந்தப் பாஷை அவர் நாக்கிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் நல்லமுத்து என்கிற இளவட்டம் அங்கே படுத்தவன் எழுந்திருக்கவில்லை. காலைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்து போட்டபிறகுதான் வாந்தி எடுத்துக் கண்ணைத் திறந்தான். "நெஞ்சு மேல யாரோ உக்காந்து அமுக்கினாங்க" என்றான். முனி என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆட்கள் முகத்தில் வந்த பயத்தைச் செல்வநாதன் பார்த்தார். மாசக்கணக்கில் பலகையும் கட்டையும் கத்தலும் செய்யாததை ஒரு சொல் செய்துவிட்டது. மறுநாள் விடிகாலையில் முதல் ஆளாக இறங்கியவர், கையோடு கொண்டுபோன வேப்பிலைக் கொத்தையும் மஞ்சள் துணியையும் கிழக்குப் பொந்து வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டு வந்தார். அதற்கப்புறம் ஒருவன் கால் வைக்க வேண்டுமே! லீமாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசைக்கி வர்றவரு முனிக்கி வேப்பிலை கட்டினாராக்கும். சாமியாரு காதுல வுழுந்தா என்னா சொல்வாரு?"

"நாலு உசுரு பொழைச்சா அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றார் செல்வநாதன். தம் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

இப்போது அதே வேப்பிலை மானேஜர் மேசைக்கு வந்துவிட்டது. "முனிதான் பிரச்சினைன்னா அதை நான் பாத்துக்கறேன்" என்று மாணிக்கவேல் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு! காத்தாடிக்கு மெட்ராஸுக்கு எழுத வேண்டும், மேலிடம் சம்மதிக்க வேண்டும். முனிக்கு ஒரு சேவல் போதும்.

வெள்ளிக்கிழமை காலையில் பூசாரி சாமிதுரை உடுக்கையோடு வந்து இறங்கினார். கம்பெனி ஜீப்பில்தான் வந்தார். பின் சீட்டில் கால் கட்டிய சேவல் ஒன்று, நல்ல செவலை நிறம். சுரங்கத்து வாசலில் செல்வநாதன் மறித்து நின்று தீப்பெட்டியையும் கற்பூரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். பூமிக்குள் நெருப்பு கூடாது என்ற ஒரு விதியையாவது அன்றைக்கு அவரால் காப்பாற்ற முடிந்தது. கற்பூரம் இல்லாமல் என்ன பூசை என்று முனகிக்கொண்டே சாமிதுரை இறங்கினார். பின்னாலேயே மேஸ்திரி கொளஞ்சியப்பனும் அவர் ஆட்களும் இறங்கினார்கள். மானேஜர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கடைசியில் இறங்கினார்.

கிழக்குப் பொந்து வாசலில் செல்வநாதன் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"சார், இது அநியாயம். உள்ள ஆள் போனா செத்துருவாங்க. காலையிலதான் பாத்தேன்."

"உங்க மதத்துல இதுக்கு இடமில்லன்னா ஒதுங்கி நில்லுங்க, மிஸ்டர் செல்வநாதன். எங்க சாமிய நாங்க கும்பிடறோம். அதுக்கும் உங்க விளக்குகிட்ட உத்தரவு வாங்கணுமா?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! ஆட்களுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. செல்வநாதனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை நாளும் இந்த ஆட்களோடு ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்தவரை, ஒரே பேச்சில் வேற்று ஆளாக்கிவிட்டார் மனிதர்.

கொளஞ்சியப்பன் முன்னால் வந்தார். வயதில் மூத்தவர், மேஸ்திரியாகும் முன்பு சூளையில் நெருப்புப் போட்டவர், அதிர்ந்து பேசமாட்டார். "என்னாங்க இது? இந்த வேப்பிலைய நீங்கதான கட்டினீங்க? நல்லமுத்து நெஞ்சுல முனி ஏறினதுக்கு மறுநாளு, உங்களுக்கு முன்னாடி யாரும் எறங்கல. எங்களுக்குத் தெரியாதா? நீங்களே கட்டிட்டு, சாந்தி பண்ண வந்தா வேணாங்கறீங்களே."

"நான் முனிக்குக் கட்டல மேஸ்திரி."

"பின்ன யாருக்குக் கட்டினீங்க?"

இத்தனை பேர் நடுவே என்னவென்று ஆரம்பிப்பது? அதற்குள் சாமிதுரை உடுக்கையை அடிக்க ஆரம்பித்துவிட்டார். குறுகிய இடத்தில் அந்தச் சத்தம் காதைப் பிளந்தது. யாரோ செல்வநாதனின் தோளைப் பிடித்து, மரியாதையாகத்தான், ஓரமாக நகர்த்தினார்கள்.

சாமிதுரை வேப்பிலையை அவிழ்த்து வணங்கி ஒதுக்கி வைத்தார். சேவலோடு நாலு எட்டு உள்ளே இறங்கி, அதைத் தரையில் கிடத்தி, மேலே மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். தண்ணீர் பட்ட சேவல் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம்தான் கத்தி. சிலுப்பாவிட்டால் மறுபடி தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டியதுதான்.

சேவல் சிலுப்பவில்லை. அலகைத் திறந்து திறந்து மூடியது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. இறக்கை ஒருமுறை தரையில் அடித்தது, அதோடு அடங்கிவிட்டது.

பின்னாலிருந்து ஒரு குரல், "கத்தி படாமயே எடுத்துகிட்டாருடா!" என்று அலறியது. ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சேவலைப் பார்க்கக் குனிந்த சாமிதுரைக்கும் தலை சுற்றியிருக்க வேண்டும், தள்ளாடிக்கொண்டு வாசலுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். "எறங்கிட்டாருப்பா... எம்மேல எறங்கிட்டாரு" என்று கண் செருகச் சொன்னார். பொந்துக்கு வெளியே, ஒரு அடிகூட உள்ளே வைக்காமல் நின்ற மாணிக்கவேல் கைகூப்பினார். "முனி திருப்தியாயிட்டாரு. இனிமே ஒரு குறையும் இல்ல. கடப்பாரைய எடுங்க."

நாலைந்து பேர் எடுக்கவும் எடுத்துவிட்டார்கள். ஒரு பறவை கண்ணெதிரே மூச்சு முட்டி விழுந்திருக்கிறது. அதே இடத்துக்கு மனிதர்களைக் கும்பிட்டு அனுப்புகிறார்கள்!

செல்வநாதன் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். சேவலை வாரி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சரிவுப் பாதையில் மேலே ஓடினார். பின்னால் "ஐயோ, முனி எடுத்தத தூக்கிட்டு ஓடறாரே!" என்று கூச்சல் கிளம்பியது. அடிக்கத்தான் வந்தார்களோ, பிடிக்கத்தான் வந்தார்களோ, அத்தனை பேரும் துரத்திக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான். பொந்து காலியாகிவிட்டது.

மேலே வெள்ளைக் களிமண் குவியல்மேல் சேவலைக் கிடத்தி, கால்கட்டை அவிழ்த்தார். வெள்ளாற்றுப் பக்கத்திலிருந்து நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆட்கள் சுற்றி வளைத்து நின்றார்கள். ஒருவன் கையில் கடப்பாரை. செல்வநாதன் சேவலின் மார்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். மாதாவே, மாதாவே என்று உதடு மட்டும் அசைந்தது. அது செத்துப்போயிருந்தால் அவர் கதையும் அன்றைக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

முதலில் ஒரு கால் இழுத்தது. அப்புறம் கண்மேல் இருந்த தோல் விலகியது. சேவல் தத்தித் தடுமாறி எழுந்து நின்றது. ஒரு பாட்டம் சுற்றிப் பார்த்தது. பிறகு தலையிலிருந்து வால்வரை உடம்பு முழுவதையும் உதறி ஒரு சிலுப்புச் சிலுப்பியது, மஞ்சள் தண்ணீர் நாலு பேர் முகத்தில் தெறித்தது.

சாமிதுரை உடுக்கையைக் கீழே வைத்துவிட்டார்.

மாணிக்கவேலுக்கு மட்டும் வாய் உடனே திறந்தது. "பாத்தீங்களா? சிலுப்பிடுச்சு! முனி முழு மனசோட உத்தரவு குடுத்துட்டாரு. ம், எறங்குங்க, எறங்குங்க. நேரம் ஆவுது."

"சீ!" என்றார் செல்வநாதன்.

மானேஜரைப் பார்த்து அந்தத் தொழிற்பேட்டையில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. "நீங்கல்லாம் ஒரு மனுசனா சார்? உள்ள வச்சா வுழுது, வெளிய கொண்டாந்தா எழுந்திருக்குது. இதுக்கு மேல என்னா சார் வேணும்? உள்ள காத்து இல்ல. முனியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மூச்சு வுட காத்து இல்ல! நல்லமுத்து நெஞ்ச அமுக்கினதும் அதுதான். பூசாரி தலைய சுத்தினதும் அதுதான். ஒரு காத்தாடி வைக்கத் துப்பில்லாம கோழியக் கொண்டாந்து இத்தன குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்தப் பாத்தீங்களே! அவ்வளவு நம்பிக்கைன்னா நீங்க வாங்க. கெழக்குப் பொந்துல நீங்க குனிஞ்சி ஒரு கூடை மண்ணு அள்ளுங்க. அப்பறம் நானே ஆள எறக்கறேன்."

எல்லோரும் மானேஜரைத் திரும்பிப் பார்த்தார்கள். மானேஜர் சுரங்க வாசலைப் பார்த்தார். தம் ஷூவைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கால் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "உங்க சீட்டு கிழிஞ்சுது, செல்வநாதன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

செல்வநாதன் ஆட்கள் பக்கம் திரும்பினார். வேலை போனது அப்போது அவருக்கு உறைக்கவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் இருந்தது. கொளஞ்சியப்பன் வந்து கையைப் பிடித்துக்கொள்வார் என்றுகூட எதிர்பார்த்தார்.

கொளஞ்சியப்பன் வரத்தான் செய்தார். முகம் கல்லாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். உள்ள காத்து இல்லன்னு உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"சித்திரையிலேருந்து தெரியும், மேஸ்திரி."

"சித்திரையிலேருந்து." கொளஞ்சியப்பன் அந்தச் சொல்லை மென்றார். "எங்களுக்கு ஏன் சொல்லல?"

"போகாதீங்கன்னு நாள் தவறாம கத்தினேனே."

"போகாதேன்னு கத்தினீங்க. ஏன்னு சொன்னீங்களா? இப்ப மானேஜர்கிட்ட சொன்னீங்களே, மூச்சு வுட காத்து இல்லன்னு, அந்த ஒரு வார்த்தைய இந்த நல்லமுத்துகிட்ட சொன்னீங்களா? அவன் பொண்டாட்டி மூணு வாரமா முனிக்கி வெளக்கேத்திகிட்டு கெடக்கறா. காத்து இல்லாத சூளை எரியாதுன்னு எனக்குத் தெரியாதா? இல்ல எங்களுக்கு அதெல்லாம் வெளங்காதுன்னு நெனச்சிட்டீங்களா?"

"உங்க உசுர காப்பாத்தத்தான் மேஸ்திரி வேப்பிலை கட்டினேன்."

"இல்லன்னு யாரு சொன்னா? ஆனா நீங்க கட்டின வேப்பிலைய அவரு ஒரு கோழியக் காட்டி அவுத்துட்டாரே. காத்து இல்லன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, எந்தக் கோழி எங்கள உள்ள இழுத்திருக்கும்? நீங்களும் எங்கள ஏமாத்தினீங்க. அவரும் ஏமாத்தினாரு. நாங்க வாழணும்னு நீங்க ஏமாத்தினீங்க, செத்தா சாவட்டும்னு அவரு ஏமாத்தினாரு. ஆளுங்களுக்குப் புத்தி இல்லன்னு நெனச்சதுல ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

செல்வநாதன் பதிலுக்குக் கோபப்படப் பார்த்தார். இவ்வளவு செய்த மனிதனுக்கு இதுதானா பலன் என்று கேட்க வாயெடுத்தார். நல்லமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்க முடியவில்லை.

ஜீப் கிளம்பிப் போனது. கொளஞ்சியப்பன் துண்டை உதறிக் களிமண் மேட்டில் போட்டு உட்கார்ந்தார். "காத்தாடி வர்ற வரைக்கும் யாரும் எறங்கறதில்ல. வேற சூப்ரவைசரு வந்தாலும் வரட்டும். அவரு சரின்னு சொன்னாலும், நான் கூட எறங்கி என் கண்ணால பாத்தாத்தான் என் ஆள எறக்குவேன்." பிறகு செல்வநாதனை நிமிர்ந்து பார்த்தார். "அந்த விளக்குல என்னாத்த பாப்பீங்க? சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்லுங்க."

செல்வநாதன் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் நடுவே தரையில் உட்கார்ந்தார். தாம் வாங்கி வைத்திருந்த பூசாரியின் தீப்பெட்டியைத் தேடி எடுத்தார். காற்றில் முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவது குச்சியில் விளக்கை ஏற்றிக்கொண்டு, "இந்தச் சுடர நல்லா பாத்துக்குங்க" என்று தொடங்கினார்.